குரூப் பாலிசியா, இன்டியூனா?

குரூப் பாலிசி, இன்டியூன் இரண்டும் அலுவலகக் கணினிகளில் மென்பொருளைத் தானாக ஏற்றும் மைக்ரோசாஃப்ட் வழிகள்; முன்னது அலுவலக நெட்வொர்க் வழியாக, பின்னது இணையம் வழியாக. பினாங்கின் பாயான் லெப்பாஸ் பக்கம் ஐடி வேலையில் இருப்போர் கேட்பது: மென்பொருள் தானாக ஏறாமல் நின்றால், எதில் காரணம் சீக்கிரம் பிடிபடும்?

செலவு: குரூப் பாலிசி விண்டோஸ் சர்வரோடே வரும். இன்டியூனுக்குத் தனிச் சந்தா.

கோப்பு: குரூப் பாலிசிக்கு எம்எஸ்ஐ (விண்டோஸின் நிறுவல் கோப்பு வகை) இருந்தால் நிம்மதி. இன்டியூனில் அதற்கான பொதியாக மாற்றிக் கொடுத்தால் இஎக்ஸ்இ எனும் சாதாரண நிறுவல் கோப்பும் ஏறும்.

பழுது: குரூப் பாலிசியில் முதலில் நிறுவல் கோப்பு இருக்கும் பகிர்வு ஃபோல்டரைப் பாருங்கள், கணினிக் கணக்குக்கே வாசிப்பு அனுமதி வேண்டும், பயனருக்கு இருந்தால் போதாது. அடுத்த சந்தேகம், நெட்வொர்க் வருமுன்பே விண்டோஸ் எழுந்துவிடுவது. வைஃபை மடிக்கணினிகளில் இது தீராத தலைவலி.

இன்டியூனில் மென்பொருள் ஏறியே இருக்கும், ஆனாலும் தோல்வி என்று காட்டும். மென்பொருள் ஏறியதா என்று சரிபார்க்கும் கண்டறிதல் விதியில் கோப்பின் பாதையோ பதிப்பு எண்ணோ பிசகியிருக்கும். 3 முறை தோற்றால் அடுத்த முயற்சிக்கு 24 மணி நேரம், எரிச்சல்தான்.

1603 என்ற பிழை எண் இரண்டிலும் வரும். அந்த எண் தனியாக எதுவும் சொல்லாது, லாகை (நிறுவலின்போது பதிவாகும் குறிப்புக் கோப்பை) திறந்து பாருங்கள்.

கேபிள் போட்ட மேசைக் கணினிகளுக்குக் குரூப் பாலிசி போதும். கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் அலையும் மடிக்கணினி என்றால் இன்டியூன்.