சார்ஜ்பேக்கைக் குறைத்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் உஷார்

இணையத்தில் மாதச் சந்தாவுக்கு ஓவியப் பாடம் நடத்துகிறேன். போன வருடம் சார்ஜ்பேக், அதாவது வாடிக்கையாளர் தன் வங்கியில் முறையிட்டுக் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது, ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் கட்டிய பணம் போவதோடு கேட்வே (கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் நிறுவனம்) தனியாக ஒரு கட்டணமும் பிடிக்கும், வழக்கில் நாம் ஜெயித்தாலும் அது பெரும்பாலும் திரும்பி வராது. அந்தப் பதற்றத்தில் இருந்தபோதுதான், சார்ஜ்பேக் விகிதத்தை (மொத்தப் பரிவர்த்தனைகளில் சார்ஜ்பேக் எவ்வளவு என்பதை) பாதியாக்குகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

முதல் மாதமே எண் இறங்கியது. அப்புறம் கணக்கைப் புரட்டினால், யாரென்றே தெரியாத ப்ரீபெய்டு கார்டுகளிலிருந்து நூற்றுக்கணக்கில் சில்லறைப் பரிவர்த்தனைகள். விகிதம் பார்ப்பது தொகையை வைத்து அல்ல, எண்ணிக்கையை வைத்து. சார்ஜ்பேக்கைக் குறைக்காமல், வகுக்கும் எண்ணைப் பெருக்கிவிட்டார்கள்! இது போதாதென்று, நான் ஏற்கெனவே ரீஃபண்ட் கொடுத்து முடித்தவற்றுக்கும் 'முன்னெச்சரிக்கைக் கட்டணம்' (சார்ஜ்பேக் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வதற்கானது) போட்டு பில் அனுப்பினார்கள்.

கேட்வே இதைக் கண்டுபிடித்து என் பணத்தை 6 மாதம் நிறுத்தி வைத்தது. மாஸ்டர்கார்டின் மேட்ச் பட்டியலில் (கணக்கு மூடப்பட்ட சிக்கலான வியாபாரிகளின் கறுப்புப் பட்டியல்) பெயர் ஏறியிருந்தால் 5 வருடம் அதிலேயே கிடந்திருக்கும், வேறு கேட்வே கிடைப்பது குதிரைக்கொம்பு. மயிரிழையில் தப்பினேன்.

பிறகு நானே உட்கார்ந்து, ஒவ்வொரு சார்ஜ்பேக்கோடும் வரும் காரணக் குறியீடுகளைப் பார்த்தேன். விசாவில் பெரும்பாலும் இரண்டுதான்: 10.4, அதாவது 'இது நான் செய்ததே இல்லை', 13.2, 'ரத்து செய்த பிறகும் எடுத்துவிட்டார்கள்'. முதலாவதற்குக் காரணம், கார்டு ஸ்டேட்மென்ட்டில் என் தளத்தின் பெயருக்குப் பதிலாக யாருக்கும் தெரியாத கம்பெனிப் பெயர் வந்தது. இரண்டாவதற்குக் காரணம் நானேதான், ரத்து பொத்தானை நாலு திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன் (ஆமாம், வேண்டுமென்றேதான்). இலவசச் சோதனை முடிந்து முதல் முறை பணம் எடுக்கக் குறைந்தது 7 நாள் முன்பே நினைவூட்ட வேண்டும் என்பது 2020 முதல் விசாவின் விதி, அதையும் நான் செய்யவில்லை. மூன்றையும் சரிசெய்ய ஒரு வாரம்கூட ஆகவில்லை, புகார்கள் தானாகக் குறைந்தன.

அந்த நிறுவனத்தின் ஒப்பந்தமும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வகைதான். ரத்து செய்யச் சொல்லி மூன்று மின்னஞ்சல் போட்டும் பதில் இல்லை, என் கார்டிலிருந்து மறுபடி பணம் போனது. கடைசியில் வங்கியில் சொல்லி அவர்கள் மேலேயே சார்ஜ்பேக் போட்டேன், காரணம் 13.2.