செவ்வாய்ப்பேட்டையில் சொல்லிச் செய்த பவர் ஆம்ப்: ரிசீவருடன் இணைத்த ஐந்து மாத அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிகளுக்குப் பின்னால் போகும் சந்தொன்றில், மாடிப்படிக்கு அடியில் இயங்கும் ஒரு சிறு பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கிய, ஒலிச் சிக்னலை ஸ்பீக்கருக்குப் போதுமானதாகப் பெருக்கும் இரண்டு சேனல் பவர் ஆம்ப்ளிஃபயரைப் பற்றிய மதிப்புரை இது. விலை 19,500 ரூபாய். பெயர்ப்பலகையே இல்லாத பட்டறை என்பதால் பெயரைச் சொல்ல வழியில்லை.

என் ஹோம் தியேட்டர் ரிசீவர், அதாவது படத்தின் ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி, ஒன்பது சேனல் கொண்டது. இரண்டு சேனல் மட்டும் இயங்கும்போது 8 ஓமில் சேனலுக்கு 105 வாட் என்று அதன் கையேடு சொல்கிறது. முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் 4 ஓம்; ஓம் எண் குறையக் குறைய ஆம்ப் கொடுக்க வேண்டிய மின்னோட்டம் கூடும். வால்யூமை ஏற்றிப் படம் பார்க்கும் நாட்களில், அதிலும் சித்திரை வெயிலில், ரிசீவரின் மேல்தகடு கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. இருமுறை தானாகவே அணைந்தும் போனது. முன்பக்க இரண்டு ஸ்பீக்கர்களின் பாரத்தை வேறொரு பெட்டிக்கு மாற்றிவிட்டால் ரிசீவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும் என்பதே என் கணக்கு. இதற்கு ரிசீவரில் முன்பக்கச் சேனல்களுக்கான ப்ரீ-அவுட், அதாவது பெருக்காத சிக்னலை வெளி ஆம்புக்குத் தரும் துளை, இருக்க வேண்டும். டெனான் எக்ஸ்3700எச் போன்ற மாடல்களில் எல்லாச் சேனல்களுக்கும் ப்ரீ-அவுட் உண்டு. தொடக்கநிலை மாடல்கள் பலவற்றில் சப்வூஃபருக்கு மட்டுமே இருக்கும். ஆம்ப் வாங்கக் கிளம்புவதற்கு முன் ரிசீவரின் முதுகை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது.

பெட்டிக்குள் 500 விஏ டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, 35-0-35 வோல்ட். சேனலுக்கு இரண்டு ஜோடி 5200, 1943 டிரான்சிஸ்டர்கள். 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் நான்கு. டிசி (நேர்மின்னோட்டம்) வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் 1237 ஐசி கொண்ட பாதுகாப்பு போர்டு. ஊர்த் திருவிழா மைக்செட் ஆம்ப்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு இவற்றில் புதுமை எதுவும் இல்லை. மெக்கானிக் என் கண்ணெதிரிலேயே 8 ஓம் மின்தடைச் சுமையில் வைத்து, அலைமுகடு வெட்டுப்பட்டு ஒலி சிதையத் தொடங்கும் இடத்தை, அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் காட்டினார்: 28.3 வோல்ட், அதாவது 100 வாட். ஒரு சேனலை மட்டும் 4 ஓமில் இயக்கியபோது 26 வோல்ட், ஏறத்தாழ 170 வாட்.

8 ஓம் எண்ணை மட்டும் பார்த்தால் ரிசீவரின் 105-ஐ விட இது குறைவு. காசு கொடுத்துக் குறைவாக வாங்குவானேன் என்று மைத்துனர் கேட்டார், நியாயமான கேள்விதான். ஆனால் ஒலியின் அளவு 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரட்டிப்பாக வேண்டும். 105-க்கு மாற்றாக 150 வாட் வாங்கினாலும் கிடைப்பது ஒன்றரை டெசிபல்தான், அது காதுக்கு எட்டினால் உண்டு. நான் வாங்கியது அந்த எண்ணுக்காக அன்று. 4 ஓம் பாரத்தைத் தனி டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று சுமக்கட்டும் என்பதற்காக.

இனி இந்தப் பட்டறையை நான் மெச்சும் விஷயத்துக்கு வருகிறேன். ஆம்ப் முதலில் கைக்கு வந்தபோது அதன் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, 48 மடங்கு, அதாவது 33.6 டெசிபல். கைப்பேசியையும் யூஎஸ்பி போர்டையும் செருகிப் பாட்டுக் கேட்பவர்களுக்காகப் பெரும்பாலும் செய்வதால், சிறிய சிக்னலுக்கே முழு ஒலி வரும்படி வைத்துவிடுவது அவருடைய வழக்கம். அம்மாபேட்டையில் இருக்கும் என் வீட்டில் இது ஒரு குறையாகவே தெரியவில்லை, ஏனென்றால் எங்கள் தெருவில் விசைத்தறி ஓசை ஓயும் நேரம் குறைவு. ஏற்காட்டில் இருக்கும் மைத்துனர் தம் ஸ்பீக்கர்களில் கேட்டுப் பார்க்க விரும்பியதால், பதினான்கு கிலோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்தேன். இரவு பத்து மணிக்கு, மழை நின்றிருந்த நேரத்தில், பாட்டு எதுவும் ஓடாமலேயே ஸ்பீக்கரிலிருந்து ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் சோபா வரை கேட்டது. சேலத்தில் தறி மறைத்து வைத்திருந்ததை மலை காட்டிக்கொடுத்துவிட்டது.

காரணம் எளிது. ரிசீவரின் ப்ரீ-அவுட்டில் எப்போதும் மெல்லிய இரைச்சல் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். ஆம்ப் அதையும் 48 மடங்கு பெருக்கித் தருகிறது. ப்ரீ-அவுட் 1 வோல்ட்டை எளிதில் கொடுக்கும்போது, அந்த 1 வோல்ட்டை 28 வோல்ட்டாக்கினாலே 100 வாட் முழுவதும் வந்துவிடும் என்பதால், அதற்கு மேற்பட்ட கெயின் இரைச்சலை வளர்ப்பதற்குத்தான் பயன்படும். திரும்பக் கொண்டுபோய்ச் சொன்னதும் மெக்கானிக் தர்க்கம் செய்யவில்லை. கெயினைத் தீர்மானிக்கும் ஃபீட்பேக் சுற்றில் இருந்த 47 கிலோ ஓம் மின்தடையைக் கழற்றி 27 கிலோ ஓம் போட்டார். கீழே இருப்பது 1 கிலோ ஓம் என்பதால் கெயின் சரியாக 28 (27/1 + 1) மடங்கு ஆயிற்று. கெயினைக் குறைத்தால் சில போர்டுகள் நிலை தடுமாறி அலைவு கொள்ளும் என்று சொல்லி, சதுர அலை கொடுத்து ஆசிலோஸ்கோப்பில் அரைமணி நேரம் பார்த்த பிறகே மூடியைத் திருகினார். இதற்கு வாங்கிய கூலி இருநூறு ரூபாய். இந்த மாற்றத்தை எல்லா போர்டிலும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

வீட்டில் இணைத்தபோது அடுத்த தொல்லை வந்தது: தாழ்ந்த ‘ம்ம்ம்’ என்ற ஹம். ரிசீவருக்கு இரண்டு முள் பிளக், எர்த் கிடையாது. ஆம்புக்கு மூன்று முள், இரும்புப் பெட்டி எர்த்தில் இருக்கிறது. கேபிள் டிவி ஒயரின் வெளிவலையில் ஏறி வரும் மின்னழுத்தம் செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ, ரிசீவர், ஆம்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ ஒயர் என்று நடந்து ஆம்பின் எர்த்தில் இறங்குகிறது. கேபிள் ஒயரைத் தொட்டுச் சுருக்கென்று அடி வாங்காதவர் நம்மில் யார் இருக்கிறார்கள்? அந்த ஒயரைப் பிடுங்கியதும் ஹம் நின்றது. கேபிள் வழியில் அந்த மின்னழுத்தத்தைத் தடுக்கும் ஒரு சிறிய ஐசொலேட்டரைச் செருகி, ரிசீவரையும் ஆம்பையும் ஒரே பிளக் பாயின்ட்டுக்குக் கொண்டுவந்ததும் தொல்லை முழுமையாகத் தீர்ந்தது. ஆம்பின் எர்த் முள்ளை வெட்டிவிட்டாலும் ஹம் நிற்கும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தொலைபேசியில் நான் அதைக் கேட்டபோது, “அதை மட்டும் செஞ்சிராதீங்க சார், டிரான்ஸ்ஃபார்மர் லீக்கானா பெட்டியே கரண்டுங்க” என்றார் மெக்கானிக். அவர் சொன்னது முற்றிலும் சரி.

மற்றப் பெட்டிகளைத் தானாக இயக்க ரிசீவர் தரும் 12 வோல்ட் டிரிகருக்கு இதில் வசதி இல்லாமலிருந்தது. கேட்டதும் ஒரு சிறிய ரிலே வைத்துக் கொடுத்தார். அதன் காயில் 400 ஓம் என்பதால் இழுப்பது 30 மில்லி ஆம்பியர்தான், டிரிகருக்கு அது ஒரு பாரமே இல்லை. இப்போது ரிசீவர் விழித்த பிறகே ஆம்ப் விழிக்கிறது, ‘டப்’ என்ற ஓசை ஸ்பீக்கரில் வருவதில்லை. இணைத்து முடித்ததும் ரிசீவரின் மைக்கை வைத்து, ஸ்பீக்கர்களின் ஒலியளவைச் சமப்படுத்தும் அளவீட்டை மறுபடி ஓட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் கெயினில் முன்பக்க ஸ்பீக்கர்களின் அளவு −8.5 டெசிபலுக்கு இறங்கியிருந்தது, மின்தடை மாறிய பின் −4, அதாவது ரிசீவரின் சொந்த ஆம்பில் இருந்த அதே எண். இந்த எண் −12 என்ற எல்லையில் போய் முட்டி நின்றால், ஆம்பின் கெயின் அதிகம் என்று பொருள்.

ஒலியைப் பொறுத்தவரை மிகைப்படுத்த விரும்பவில்லை. இரவில் அடக்கமான வால்யூமில், அளவை ஒன்றாக்கி மாற்றி மாற்றிக் கேட்டபோது, எது ரிசீவர், எது ஆம்ப் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வால்யூமை ஏற்றிய பிறகுதான் வித்தியாசம் வெளிப்பட்டது. நாதஸ்வரக் கச்சேரிப் பதிவொன்றில் தவிலின் வலந்தலையில் விழும் விரற்கூட்டு அடி, முன்பு நாதஸ்வரம் உச்சத்தில் நிற்கும்போது அதோடு கலந்து மழுங்கிப்போகும்; இப்போது அடி விழுவதும் அடங்குவதும் தனித்தனியாகக் கேட்கின்றன. ரிசீவர் இந்த ஐந்து மாதங்களில் ஒருமுறைகூட அணையவில்லை, அதன் மேல்தகடு இளஞ்சூட்டோடு நின்றுவிடுகிறது.

குறைகளும் உண்டு. பதினைந்து நாளில் தருவதாகச் சொன்ன ஆம்ப் ஏழு வாரம் கழித்து வந்தது. ரசீது என்பது முகவரி அட்டையின் பின்புறம் பேனாவால் எழுதியது. பின்பக்க ஸ்பீக்கர் முனைகளில் சிவப்பும் கறுப்பும் ஒரு சேனலில் இடம் மாறியிருந்தன. பேஸ் (தாழ் ஒலி) காணாமல் போனதைக் கேட்டு நானே கண்டுபிடித்தேன். மின்னோட்டத்தை மெல்ல ஏற்றும் மென்தொடக்க ஏற்பாடு இல்லாததால், ஆம்ப் விழிக்கும்போது கூடத்து விளக்கு ஒரு கணம் சிமிட்டுகிறது. ஆம்ப் கேட்டுப் போகிறவர்கள் ஸ்பீக்கரின் ஓம் எண்ணையும் ரிசீவரின் கையேட்டையும் எடுத்துப்போய், கெயின் 28 மடங்கு போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஏற்காடு வரை அலைய வேண்டியிராது.

சென்டர் ஸ்பீக்கருக்கு ஒரு மோனோ ஆம்ப் கேட்டு முன்பணம் கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்குள் தருவதாகச் சொல்கிறார். பொங்கலுக்கு வந்தால் போதும் என்று நான் மனத்தில் குறித்துக்கொண்டேன்.