ஃபியூச்சர், கிளியர், பிளெட்ஜ்: ஸ்கேல் மாடலுக்கு ஒரு தரை பாலிஷ்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கேனோபி, அதாவது மாடல் விமானத்தின் காக்பிட் கண்ணாடிக்கு இந்தத் தரை பாலிஷை மிஞ்சிய பொருள் இன்றுவரை கிடையாது. டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள், எழுத்துகள்) ஒட்டுவதற்கு முன் பூசும் பளபளப்புப் பூச்சாகவும் அருமையாக வேலை செய்யும், ஆனால் அந்த வேலைக்கு ஈடான மாற்றுகள் வந்துவிட்டன. கார் மாடலின் பாடிக்கு மட்டும் இதைப் பூசாதீர்கள்.

எஸ்.சி. ஜான்சன் நிறுவனம் வினைல் தரைகளுக்காக விற்ற அக்ரிலிக் பாலிஷ் இது. அமெரிக்காவில் ஃபியூச்சர், பிரிட்டனில் கிளியர், ஆஸ்திரேலியாவில் ஒன் கோ என்று ஊருக்கு ஒரு பெயரில் விற்றது. அமெரிக்க பாட்டில் பிறகு ‘பிளெட்ஜ் வித் ஃபியூச்சர் ஷைன்’ ஆகி, அடுத்து பிளெட்ஜ் ஃப்ளோர் கேர், பிளெட்ஜ் ஃப்ளோர் கிளாஸ் என்று லேபிளை மாற்றிக்கொண்டே போனது. உள்ளே இருந்தது தண்ணீர்போல் தெளிந்த, லேசான வாசனையுள்ள திரவம். பிரிட்டனில் 2010-ஐ ஒட்டிய காலத்தில் தெளிந்த கிளியர் போய், பால்நிறக் கலவை வந்தது. அதுவும் காய்ந்தால் தெளிவாகும். ஆனாலும் பழைய கிளியர் பாட்டில்களுக்கு ஏலத் தளங்களில் விலை ஏறியது சும்மா இல்லை. கேனோபிக்கு எல்லோரும் நம்பியது அந்தப் பழைய கலவையைத்தான்.

பாட்டிலில் பெரும்பகுதி தண்ணீர். அதில் மிக நுண்ணிய அக்ரிலிக் பாலிமர் துகள்கள் மிதக்கின்றன. தண்ணீர் ஆவியானதும் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இளகி இணைந்து, இடைவெளியில்லாத படலமாகின்றன. கூடவே சேர்த்திருக்கும் மெதுவாக ஆவியாகும் கரைப்பானும், திரவத்தைச் சமமாகப் பரவவிடும் பொருளும்தான் மாடலுக்கு வரப்பிரசாதம். துடைப்பான் விட்ட கோடு தரையில் தெரியக்கூடாது என்பதற்காகச் சேர்த்தவை அவை. பிரஷ் விட்ட கோடும் அதே காரணத்தால் மறைந்துபோகிறது. காய்ந்த படலம் சோப்புத் தண்ணீருக்கு அசையாது, அம்மோனியாவுக்குக் கரைந்துவிடும். தரையில் பழைய பாலிஷை உரித்துவிட்டுப் புதிதாகப் பூச வசதியாக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். கேனோபியில் தூசி ஒட்டிவிட்டால் அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, கழுவி, மறுபடி முக்கலாம். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. மாடல் கடையில் விற்கும் வார்னிஷ்களில் பலவற்றுக்கு இந்தத் திருத்தும் வசதி இல்லை. இந்த பாட்டிலை இத்தனை பேர் விடாமல் தேடுவதற்கு அதன் பளபளப்பைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

கேனோபியை முக்கும் முறை எளிது, ஆனால் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு கழுவுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கும் கைரேகையும் இருந்தால் திரவம் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். முழுக்கக் காய்ந்தபின், சட்டத்துக்குள் மறையும் ஓரத்தை இடுக்கியால் பிடித்து, சிறிய கிண்ணத்தில் ஊற்றிய பாலிஷில் முழுதாக முக்குங்கள். பாட்டிலைக் குலுக்கவே கூடாது. குலுக்கினால் வரும் குமிழிகள் கண்ணாடியில் போய் உட்காரும். மெதுவாக, நிற்காமல், ஒரே சீராக மேலே தூக்குங்கள். பிறகு கீழ் ஓரத்தை டிஷ்யூ காகிதத்தில் தொட்டால் அதிகப்படியான திரவத்தைக் காகிதம் இழுத்துக்கொள்ளும். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் ஓரத்தில் தடித்த விளிம்பு காய்ந்து நிற்கும். டிஷ்யூ மேல் நிமிர்த்தி வைத்து, தூசி படாமல் ஒரு டப்பாவால் மூடிவிடுங்கள். அரை மணியில் தொடலாம்போல் தோன்றும். தொடாதீர்கள். மாஸ்கிங் டேப் ஒட்டுவதென்றால் 48 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஒட்டினால் டேப்பை உரிக்கும்போது படலமும் சேர்ந்து வரும். கிண்ணத்தில் மிஞ்சியதை பாட்டிலுக்குள் திருப்பி ஊற்ற வேண்டாம். தூசியும் சேர்ந்து உள்ளே போகும்.

முக்கியெடுத்த கேனோபி ஏன் திடீரென்று மெல்லியதாகத் தெரிகிறது? மேற்பரப்பின் நுண்கீறல்களில் காற்று இருக்கும்வரை வெளிச்சம் அங்கே சிதறும். அக்ரிலிக் நிறைந்ததும் சிதறல் பெருமளவு அடங்குகிறது, ஏனென்றால் அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.49, பாலிஸ்டைரீனுக்கு 1.59. இரண்டும் அருகருகே இருப்பவை. எஃப்-16 போன்ற குமிழி வடிவக் கேனோபிகளில், அச்சு பிரியும் இடத்தில் நடுவே ஒரு மெல்லிய கோடு ஓடும் கிட்கள் பல உண்டு. அந்தக் கோட்டை பிளேடால் சுரண்டி, 2000 கிரிட் தேய்ப்புத் துணியில் தொடங்கி படிப்படியாக மெல்லிய தேய்ப்புத் துணிகளுக்குப் போய், கடைசியில் முக்கினால் கோடு இருந்த இடமே தெரியாது. தேய்ப்பதில் முழு ஒளிபுகும் தன்மை திரும்பும்வரை மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கடைசி மங்கலை பாலிஷ் பார்த்துக்கொள்ளும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஆழமான கீறலை இது மறைக்காது.

சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிவதை இந்தப் படலம் தடுக்கும் என்பதும் உண்மை, எனவே உள்ளே சிறு பாகங்களை ஒட்டும் வேலை இருந்தால் முக்குவதை முதலில் முடித்துவிடுங்கள். எஃப்-16 கேனோபியின் பொன்-புகை நிறத்துக்கு தமியா நிறுவனத்தின் எக்ஸ்-19 ஸ்மோக்கும் எக்ஸ்-24 ஒளிபுகும் மஞ்சளும் சில சொட்டுகள் பாலிஷில் கலந்து முக்கலாம். பார்ப்பதற்கு மிக லேசாக இருக்கும் கலவையே போதும். கிண்ணத்தில் சரியாகத் தெரியும் நிறம் கேனோபியில் அதிகமாகிவிடும். முதலில் உபரி பிளாஸ்டிக் துண்டில் பாருங்கள். காக்பிட் டயல்களில் ஊசி முனையால் ஒரு சொட்டு வைத்தால் கண்ணாடி போட்டதுபோல் ஆகும்.

அடுத்தது உடல் முழுக்கப் பூசும் பளபளப்புப் பூச்சு. மேட், அதாவது பளபளப்பில்லாத பெயிண்டின் மேற்பரப்பு சொரசொரப்பானது. அதன்மேல் நேராக டெக்கல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, டெக்கலின் வெற்றுப் படலம் வெள்ளி நிறத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பூச்சு. ஏர்பிரஷில் (பெயிண்டைக் காற்றழுத்தத்தால் தூவும் கருவி) தண்ணீர் கலக்காமல் அப்படியே அடிக்கலாம். 0.3 அல்லது 0.4 மி.மீ. ஊசி, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம், 8 முதல் 10 செ.மீ. தூரம். பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். முதல் சுற்று மூடுபனிபோல் லேசாக, பிடிப்புக்காக மட்டும். பத்து நிமிடம் கழித்து ஈரம் மினுங்கும் அளவுக்கு இரண்டாவது சுற்று. தேவைப்பட்டால் மூன்றாவது. 1/72 அளவில் ஒற்றை இருக்கைப் போர் விமானம் ஒன்றுக்கு மொத்தம் 5 மி.லி. தாராளம், சுமார் 800 மி.லி. பாட்டில் ஒருவருக்கு எத்தனை ஆண்டு வருமென்று நீங்களே கணக்குப் போடலாம்.

தவறு நடப்பது இரண்டு பக்கத்திலும். தூரமும் அழுத்தமும் கூடினால் துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து, ஆரஞ்சுத் தோல்போல் மேடுபள்ளமாக விழும். நெருங்கி, நின்று அடித்தால் வழியும். வழிந்ததைக் கண்ட நொடியே ஈரப் பிரஷின் முனையால் உறிஞ்சிவிடுங்கள். இரண்டு நிமிடம் கழித்துத் தொட்டால் தோல் கிழிந்து, நிலைமை மோசமாகும். பேனல் கோடுகளிலும் இறக்கை உடலோடு சேரும் மூலையிலும் திரவம் தேங்கும், அங்கே கண் வையுங்கள். ஈரப்பதம் மிகுந்த மழைநாளில் அடிப்பதைத் தள்ளிப்போடுவது நல்லது. காய்வது தாமதமாகி, படலம் வெண்மையாக மங்கக்கூடும். லேசான மங்கல் என்றால் இன்னொரு மெல்லிய சுற்று பெரும்பாலும் சரிசெய்துவிடும்.

ஏர்பிரஷ் இல்லாதவர்களுக்கும் இது கைகொடுக்கும். அரை அங்குல அகலமுள்ள மென்மையான தட்டைப் பிரஷ், ஒரே திசை, ஒரே இழுப்பு. பூசிய இடத்துக்குத் திரும்பிப் போகக்கூடாது. சமமாவதை அது பார்த்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் ஏர்பிரஷை உடனே தண்ணீர் விட்டு, பிறகு கொஞ்சம் அம்மோனியா கிளீனர் விட்டு, மறுபடி தண்ணீர் விட்டு அலசுங்கள். பாகங்களை அம்மோனியாவில் ஊறப்போட்டு விட்டுவிடாதீர்கள், அது பித்தளையை அரிக்கும். எல்லாக் கண்ணாடி கிளீனரிலும் அம்மோனியா இருப்பதில்லை என்பதால் லேபிளைப் படித்து வாங்குங்கள்.

டெக்கலுக்கு முன் குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48. மைக்ரோ செட், மைக்ரோ சோல், மிஸ்டர் மார்க் சாஃப்டர் போன்ற, டெக்கலை இளக்கிப் படியவைக்கும் திரவங்கள் நன்கு காய்ந்த படலத்தின் மேல் பொதுவாகத் தொல்லை தருவதில்லை. படலம் இளசாக இருந்தால் திரவம் நின்ற இடம் வெள்ளையாகிவிடும். சால்வாசெட் இவற்றைவிடக் கடுமையானது. அதைச் சரிபாதி தண்ணீர் கலந்து பயன்படுத்துவது பாதுகாப்பு. பிடிவாதமான தடித்த டெக்கலுக்கு இன்னொரு வழி, டெக்கலை பாலிஷின் மேலேயே இறக்குவது. இடத்தில் கொஞ்சம் பூசி, ஈரமாக இருக்கும்போதே டெக்கலை வைத்து அழுத்தினால் காற்றுக்கு இடமே இருக்காது. ஆனால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், நகர்த்தித் திருத்த நேரம் கிடைக்காது. சிறிய எழுத்துகளுக்கு வேண்டுமானால் சரி, இறக்கை நீளத்துக்கு ஓடும் பட்டைக்கு வேண்டாம். டெக்கல் காய்ந்தபின் ஈரத்துணியால் பசைக்கறையைத் துடைத்து, மேலே ஒரு மெல்லிய சுற்று.

அதன்மேல் வைட் ஸ்பிரிட்டில் கரைத்த எண்ணெய் அல்லது எனாமல் வாஷ் (கோடுகளையும் பள்ளங்களையும் எடுத்துக்காட்டும் நீர்த்த பெயிண்ட்) தாராளமாகப் போடலாம். படலம் அசையாது, தப்பானதை மறுநாளும் துடைத்தெடுக்கலாம். ஆல்கஹால் கலந்த வாஷ் எதுவும் வேண்டாம். கடுமையான லாக்கரை இதன்மேல் நனைய அடித்தாலும் சுருக்கம் விழும் அபாயம் உண்டு.

இறுதி மேட் பூச்சையும் இதே பாட்டிலிலிருந்து தயாரிக்கலாம். பளபளப்பைக் குறைக்கும் தமியா எக்ஸ்-21 ஃபிளாட் பேஸ் ஒரு பங்குக்கு பாலிஷ் பத்துப் பங்கு என்றால் மேட், பதினைந்து பங்கு என்றால் சாட்டின், அதாவது அரைப் பளபளப்பு. பாலிஷ் மூன்று பங்குக்கு ஃபிளாட் பேஸ் ஒன்று என்ற கலவையும் புழக்கத்தில் உள்ளது, ஆனால் அடர்நிறங்களின் மேல் அது உறைபனி படிந்ததுபோல் வெளுக்கும். கலவை நின்றால் கீழே படியும், எனவே கோப்பையில் இருக்கும்போதே அவ்வப்போது கிளறுங்கள். நேர்மையாகச் சொன்னால், மேட் பூச்சுக்கு இன்று தனி வார்னிஷ் வாங்குவதே மேல்.

கார் பாடிக்கு வேண்டாம் என்று சொன்னதன் காரணம்: கார் பாடியின் கண்ணாடிப் பளபளப்பு தேய்த்துத் தேய்த்து வருவது. இந்தப் படலம் மெல்லியது, மென்மையானது. தேய்க்கும் சூட்டில் இளகி இழுபடும். அங்கே மிஸ்டர் கலரின் ஜிஎக்ஸ்100 போன்ற லாக்கர்தான் சரி. இன்னொரு எச்சரிக்கை: உரிக்கும் வசதி வெறும் பிளாஸ்டிக்கில்தான் முழுமையானது. அடியில் அக்ரிலிக் பெயிண்ட் இருந்தால் அம்மோனியா அதையும் சேர்த்து எடுத்துவிடும்.

இப்போது பழைய பெயர்களில் கடை அலமாரியில் இது கிடைப்பதில்லை. டெக்கலுக்கான பூச்சுதான் உங்கள் தேவை என்றால் பழைய சரக்குக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். தமியாவின் நிறமற்ற பளபளப்புப் பூச்சான எக்ஸ்-22-ஐ மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் சரிபாதி கலந்து அடித்தால் இதைவிடக் கெட்டியான, சீக்கிரம் காயும் படலம் கிடைக்கும், வாசனை மட்டும் கடுமை என்பதால் சுவாச மாஸ்க் கட்டாயம். தண்ணீர் அடிப்படையில்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஆல்கிளாடின் அக்வா கிளாஸ் நல்ல தேர்வு. கேனோபிக்கு ஏகே நிறுவனத்தின் காஸி இதே பாணியில் முக்குவதற்கென்றே வருகிறது. குயிக் ஷைன் போன்ற வேறு தரை பாலிஷ்களை வாங்குகிறவர்கள், அவற்றை டெக்கல் திரவத்தோடு உபரித் துண்டில் சோதித்துவிட்டே மாடலுக்குக் கொண்டுவர வேண்டும். தரை பாலிஷ் என்பதாலேயே எல்லாம் ஒன்றுபோல் நடந்துகொள்ளாது.

கையில் திறக்காத பழைய ஃபியூச்சரோ கிளியரோ இருந்தால் ஒரு சொட்டு வெள்ளைப் பிளாஸ்டிக்கில் காயவிட்டுப் பாருங்கள். மஞ்சள் தட்டினாலோ திரவத்தில் இழை இழையாகத் திரிந்திருந்தாலோ கேனோபிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். தெளிவாக இருந்தால் இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைத்து, கண்ணாடி வேலைக்கு மட்டும் எடுத்துச் செலவழியுங்கள்.