வகுப்பறைக்கு எதற்குக் குளியலறை?

கடலோர ஊர் ஒன்றில் பள்ளிக்கூடம் கட்டும் ஊழியம் என்று சொல்லி, வரும் மே மாதத்துக்கும் ஆள் சேர்க்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. இனியும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் அவர்களோடு சேர்ந்து நானும் ஏமாற்றியதாகிவிடும். அதனால் எழுதுகிறேன். நான் திருச்சியில், திருச்சபை நடத்தும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் ஏமாந்ததும் ஒரு பள்ளிக்கூட விஷயத்தில்தான். முப்பது வருடம் பிள்ளைகளிடம் "கேள்வி கேள், கேள்வி கேள்" என்று சொன்னவள், கேட்க வேண்டிய ஒன்றையும் கேட்காமல் வேனில் ஏறிவிட்டேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் ஆயர் ஒருவரை அறிமுகப்படுத்தினார். ஆயர் மேல் எனக்குக் குறையில்லை, அவரும் நம்பி ஏமாந்தவர்தான். வந்தவர் திரையில் படம் காட்டினார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், சாய்ந்து கிடக்கும் தென்னைகள், கூரை பறந்த வீடுகள். அதற்கு முன்னால் சுனாமி. அதற்கும் முன்னால் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9ஆம் தேதி ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் அங்கே வந்து இறங்கியதையும், தமிழ் கற்றதையும், பள்ளிகள் தொடங்கியதையும், அச்சுக்கூடம் வைத்ததையும் உருக்கமாகச் சொன்னார். கடைசியில், "அவர் மாதக்கணக்கில் கப்பலில் வந்து நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். திருச்சியிலிருந்து வேனில் போய் நாலு செங்கல் எடுத்துவைக்க நமக்கு மனமில்லையா?" என்று கேட்டார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு பலவீனம் உண்டு. என் கணவர் உயிரோடு இருந்திருந்தால், "முதலில் கைப்பையை மூடு" என்றிருப்பார்.

ஆளுக்கு 6,500 ரூபாய், எட்டு நாள், தங்குமிடமும் சாப்பாடும் அதற்குள் அடக்கம். அதுபோக, விருப்பமுள்ளவர்கள் மறைந்தவர்களின் நினைவாகக் கட்டடத்தில் ஒரு பகுதியை 'ஏற்றுக்கொள்ளலாம்'. கதவு, ஜன்னல், படிக்கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. நான் 12,000 ரூபாய்க்கு ஒரு ஜன்னல் எடுத்தேன். என் கணவர் ஜன்னலோர இருக்கை கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மனிதர். கதவைவிட அதுதான் பொருத்தம் என்று பட்டது.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளியின் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் வெந்து மடிந்த நாளில் நான் பணியில் இருந்தேன். மறு வாரமே எங்கள் பள்ளியின் சத்துணவுக் கூடத்துக் கீற்றைப் பிரித்துப் போட்டோம். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று என்று நான்கு தாள்களுக்காக நான் ஏறாத அலுவலகப் படி இல்லை. ஒரு சான்று காலாவதியானால் தூக்கம் வராது. அப்படிப்பட்டவள் இந்த மனிதரிடம் ஒரு தாளைக்கூடக் கேட்கவில்லை. பிரார்த்தனையோடு தொடங்கிய கூட்டத்தில் சான்றிதழ் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன்.

மொத்தம் 26 பேர். என்னோடு என் தங்கை மகனும் வந்தான், கல்லூரியில் கடைசி வருடம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆக வேண்டும், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். மே மாதத்தில் வெண்ணாறு, வெட்டாறு எல்லாம் வெறும் மணலும் நாணலும்தான். வேளாங்கண்ணியைத் தாண்டித் தெற்கே கொஞ்ச தூரத்தில், சாலையோரமாகவே இடம் இருந்தது. ஊர்ப் பெயரை எழுதவில்லை, அந்த ஊர்க்காரர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

தங்கிய இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, 26 பேருக்கு ஒரே கழிப்பறை, மூன்று வேளையும் ஒரே நிறத்தில் ஒரு குழம்பு. ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. குடிதண்ணீர் கேனுக்கு நாங்களே காசு போட்டோம். மூன்றாம் நாள் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு கண்டு அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனார்கள், ஆட்டோவுக்கும் அவர்களே கொடுத்தார்கள். ஊழியம் என்றால் கஷ்டம் இருக்கத்தானே செய்யும் என்று அப்போது பொறுத்துக்கொண்டேன்.

வேலைக்கு வருகிறேன். அஸ்திவாரம் முன்பே முடிந்து, சுவர்கள் இடுப்பளவு எழும்பியிருந்தன. நாங்கள் செங்கல் சுமந்தோம், சாந்துச் சட்டி கைமாற்றினோம். இளைஞர்களுக்குக் கரணை கொடுத்துச் சுவர் கட்டவும் விட்டார்கள். கொத்தனார் நூல் பிடித்துக் கட்டிய வரிசை ஒருபுறம் இருக்க, எங்கள் பிள்ளைகள் கட்டிய வரிசை பாம்பு போன தடமாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், நாங்கள் சாப்பிடப் போன பிறகு பிரித்துக் கட்டுவார். எங்களால் அவருக்கு இரட்டை வேலை. கலவைக்கும் அதே உப்புத் தண்ணீர்தான். சொந்த வீடு கட்டியவளுக்குத் தெரியாதா? உப்பு உள்ளே போனால் கம்பி துரு ஏறும் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். "நீங்கள் ஜெபம் செய்ய வந்தவர்கள்தானே அம்மா" என்று சிரித்தார்.

இரண்டாம் நாள் மாலை, பழக்க தோஷத்தில், ஓர் அறையைக் காலடியால் அளந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு. நாங்கள் அரசுக்குக் கணக்குக் காட்டிப் பழகிய வகுப்பறை இருபதுக்கு இருபது. இந்தப் பத்துக்குப் பன்னிரண்டிலும் ஒரு மூலையைத் தடுத்து, தரையிலிருந்து நான்கு அங்குலக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த அறையிலும் அப்படியே. எட்டு அறைகள், எட்டு மூலைகள், எட்டுக் குழாய்கள்.

மறுநாள் காலை பொறுப்பாளரைக் கேட்டேன். "வகுப்புக்கு ஒரு கழிப்பறை, வெளிநாட்டு முறை" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு, "கரும்பலகை எந்தச் சுவரில் வருகிறது, தம்பி?" என்று கேட்டேன். அவர் நான்கு சுவர்களையும் சுற்றிப் பார்த்தார். ஒரு சுவரில் கதவு, ஒன்றில் ஜன்னல், ஒன்றில் குளியலறை. மீதியிருந்த சுவரில் மின்சாரக் குழாய் பதிக்கக் காடி வெட்டியிருந்தார்கள், கட்டிலின் தலைமாட்டில் இரண்டு பக்கமும் விளக்கு வைப்பார்களே, அந்த உயரத்தில். அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்போதே மூட்டை கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. பணம் கொடுத்துவிட்டோமே என்ற நினைப்பு காலைக் கட்டிப்போட்டுவிட்டது.

ஐந்தாம் நாள் 'மாணவர்கள்' வந்தார்கள். ஒரு வேனில் இருபது குழந்தைகளை இறக்கி, ஆளுக்கொரு நீல நிறச் சட்டை கொடுத்து, சுவருக்கு முன்னால் எங்களோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். ஒரு சிறுமி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்த வகுப்பு என்று கேட்டேன். ஐந்தாவது போகிறேன் என்றாள். எந்தப் பள்ளி என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கிழக்கே கை காட்டினாள். ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நடந்தால் பத்து நிமிடம். அன்று மாலை போய்ப் பார்த்தேன். கோடை விடுமுறை, பூட்டியிருந்தது. நல்ல கான்கிரீட் கட்டடம், சுற்றுச்சுவர், சுவரில் பள்ளியின் பெயரோடு, ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தரும் அடையாள எண்ணான யூடைஸ் எண் 11 இலக்கமும் தெளிவாக எழுதியிருந்தது. நாங்கள் கட்டிய 'பள்ளி'க்கு அப்படி ஓர் எண்ணுமில்லை, அதற்கு விண்ணப்பித்த தாளுமில்லை என்பது பிறகு தெரிந்தது.

படம் எடுத்து முடிந்ததும் குழந்தைகளிடமிருந்து சட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறது என்று ஒரு பையனை அதட்டவும் செய்தார்கள். எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது இதுதான். என் பணம் போனது இரண்டாம் பட்சம்.

உண்மையைச் சொன்னது எங்களோடு கல் சுமந்த சித்தாள் ஒருத்தி. நாற்பது வயது இருக்கும். முதல் நாளிலிருந்தே என்னை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிட்டாள். சட்டை விஷயத்தைப் பார்த்து நான் ஓரமாக உட்கார்ந்திருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டீச்சரம்மா, கொடியேற்றத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று மேஸ்திரி தினமும் கத்துகிறாரே, உங்கள் காதில் விழவில்லையா?"

விழுந்திருந்தது. திறப்பு விழாவுக்குத் தேசியக் கொடி ஏற்றுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவள் சொன்னது வேளாங்கண்ணிக் கொடியேற்றம். ஆகஸ்ட் 29. அன்றிலிருந்து செப்டம்பர் 8 வரை அந்தப் பக்கத்தில் ஒரு திண்ணைக்குக்கூட வாடகை உண்டு. பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில். கொடியேற்றத்துக்குத் திறப்பது விடுதி.

"ஊரில் எல்லோருக்கும் தெரியும். நீங்களும் தெரிந்துதான் வருகிறீர்கள் என்று நினைத்தோம்" என்றாள்.

அதைவிட மோசமான இன்னொன்றையும் சொன்னாள். ஆற்றில் தண்ணீர் வரும்வரை அவர்களுக்கு வயல் வேலை கிடையாது. குறுவை நடவு தொடங்கும்வரை கட்டட வேலைதான் சோறு. எங்களைப் போன்ற குழு வரும் நாட்களில் பத்து சித்தாள் வேண்டிய இடத்தில் மூன்று பேரைத்தான் கூப்பிடுவார்களாம். நாங்கள் காசு கொடுத்துச் சட்டி தூக்கிய எட்டு நாளும், ஏழு பெண்கள் கூலியில்லாமல் வீட்டில் இருந்திருக்கிறார்கள். நாங்கள் தினமும் காலையில் 'இந்த ஊர் மக்களுக்காக' ஜெபித்துவிட்டு அவர்கள் வேலையைப் போய்ப் பிடுங்கியிருக்கிறோம்.

ஆறாம் நாள் நானும் தங்கை மகனும் கிளம்பிவிட்டோம். கிளம்பும்முன் ரசீது கேட்டேன். ஒரு வசனம் அச்சிட்ட நன்றிச் சீட்டு கொடுத்தார்கள். பதிவு எண் இல்லை, நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி இல்லை, தொகைகூட இல்லை. அறக்கட்டளையின் பதிவுப் பத்திரத்தைக் காட்டுங்கள் என்றதற்கு, "ஊழியத்தில் கணக்குக் கேட்கலாமா, அம்மா?" என்று அந்தப் படம் காட்டியவரே வருத்தப்பட்டார். கேட்கலாம். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது, யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று அப்போஸ்தலர் பவுலே சபைகள் நம்பிய வேறு ஆட்களையும் உடன் அனுப்பினார். அதைச் சொன்னேன். அவர் எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்.

ஊருக்கு வந்து, சித்தாளின் கணவர் விசாரித்துச் சொன்ன சர்வே எண்ணை வைத்து, வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டாவைப் பார்த்தேன். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் போட்டால் யாரும் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. நிலம் எந்தச் சபைக்கும் எந்த அறக்கட்டளைக்கும் சொந்தமில்லை, தனிநபர் பெயரில் இருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தை ஏப்ரலிலேயே செலவழித்திருக்கலாம்.

மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு பத்திரமாக இருக்கிறது, வேறு எதுவும் வரவில்லை. கூட வந்த 24 பேரில் கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் சொன்னது, "சபைக்குக் கெட்ட பெயர் வந்துவிடும், அக்கா." ஒருவர் மட்டும் நேர்மையாக, "நான் போட்ட படங்களுக்கு எவ்வளவு வாழ்த்து வந்தது தெரியுமா? இப்போது போய் எப்படிச் சொல்வது?" என்றார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் எதிர்வீட்டு அக்காவின் வேண்டுதலுக்குத் துணையாக வேளாங்கண்ணிக்குப் போனேன். திரும்பும்போது ஆட்டோவை அந்தப் பக்கம் விடச் சொன்னேன். ரோஸ் நிறப் பூச்சு, வாசலில் சீரியல் விளக்கு, 'அறைகள் கிடைக்கும்' என்று பலகை. என் ஜன்னலைத் தேடினேன். இடப்பக்கம் மூன்றாவது. கல்வெட்டு இல்லை, பெயர் இல்லை. அதற்குக் கீழே ஏசியின் வெளிப்பெட்டி சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய் வாடகை என்ன என்று கேட்டேன். திருவிழா நாள் என்பதால் 2,500, முன்பணம் வேண்டும் என்றார்கள்.

இப்போது 'இரண்டாம் கட்டம், மேல்தள வகுப்பறைகள்' என்று புதிய அறிவிப்பு வந்திருக்கிறது. இந்த முறை ஆளுக்கு 8,000. உங்கள் சபையிலும் யாராவது படம் காட்ட வந்தால், சர்வே எண் என்ன, அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்த தாள் எங்கே, ஆசிரியர்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள், உள்ளூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் எத்தனை நாள் வேலை என்று எழுந்து நின்று கேளுங்கள். நல்ல மனதோடு செய்கிறவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் இதே கேள்விகளைக் கேட்டேன். "நீங்கள் வர வேண்டாம் அம்மா, இரண்டு சித்தாளின் ஒரு வாரக் கூலியை அனுப்புங்கள், போதும்" என்றார், ரசீதும் அனுப்பினார்.

அந்த அறிவிப்பில் ஒரு படம் இருக்கிறது. நரைத்த தலையில் கட்டம்போட்ட துண்டைச் சும்மாடாகச் சுற்றி, சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா சிரிக்கிறாள். '70 வயதிலும் கர்த்தருக்காக' என்று கீழே போட்டிருக்கிறார்கள். அது நான்தான். எனக்கு 62 வயது. நான் யாரையும் அழைக்கவில்லை.