நெஷாத்தின் திரையா, ஃபொரூஹரின் சுவரா?

ஷிரின் நெஷாத் ஈரானின் கஸ்வீனில் பிறந்து அமெரிக்காவில் வாழும் கலைஞர். 1998-இல் அவர் உருவாக்கிய ‘டர்புலன்ட்’ என்ற வீடியோ படைப்பில் எதிரெதிரே இரண்டு திரைகள். ஒன்றில் ஓர் ஆண், அரங்கு நிறைந்த ஆண்கள் முன்னால் ரூமியின் கவிதையைப் பாடிக் கைதட்டல் வாங்குகிறார். எதிர்த்திரையில் ஒரு பெண், காலி இருக்கைகளுக்கு முன்னால் பாடுகிறார். சொற்களே இல்லை, மூச்சு, முனகல், அலறல். 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு ஆண்கள் இருக்கும் சபையில் பெண் தனியாகப் பாட ஈரானில் தடை. பார்க்கிற நாம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறோம்.

இன்னொரு ஈரானியக் கலைஞரான பரஸ்தூ ஃபொரூஹர் 1991 முதல் ஜெர்மனியில் இருக்கிறார். 1999-இல் தொடங்கிய அவரது ‘எழுத்து அறை’யில் பாட்டும் இல்லை, திரையும் இல்லை. வெள்ளைச் சுவரிலும் தரையிலும் கையால் எழுதிய கறுப்புப் பாரசீக எழுத்து. பாரசீகம் தெரிந்தவர்களுக்கும் அது வாக்கியமாகச் சேராது. தாய்மொழி கண்முன்னே நிற்கிறது, பொருள் மட்டும் கைக்கு எட்டுவதில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய பெற்றோர் தெஹ்ரானில், சொந்த வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள்.

முதல் பார்வையிலேயே உலுக்குவது நெஷாத்தின் படைப்புதான், சரி. ஆனால் ஊரை விட்டு வந்தவரின் நினைவு எப்படி இருக்கும் என்று கேட்டால், நான் ஃபொரூஹரின் அறையைத்தான் காட்டுவேன். அங்கே அந்த எழுத்தின் மேல் கால் வைக்காமல் உள்ளே போக முடியாது.