கலியாணத்துக்குக் கமராக்காரரா, கமரா வைத்திருக்கிற மச்சானா?

மண்டபம், சமையல், மணவறைச் சோடனை எல்லாம் பேசி முடித்த பிறகுதான் படம் எடுக்கிற கதை வரும். அப்போது கையில் காசும் குறைவு. "கட்டாரில இருந்து வந்த மச்சானிட்ட நல்ல கமரா இருக்குத்தானே" என்று யாராவது தொடங்குவார்கள். நாங்கள் கமராக்காரரின் பக்கம். ஆனால் ட்ரோன், வெளிப்புறப் படப்பிடிப்பு, முன்னோட்ட வீடியோ என்று நீளும் முழுப் பெக்கேஜ் வேண்டியதில்லை. மாப்பிள்ளை அழைப்பில் இருந்து அறுகரிசி போட்டு முடியும்வரை அரை நாளுக்குப் பிடித்தால் போதும்.

மச்சான் வெல்லும் இடங்களும் உண்டு. பெண் வீட்டில் விடியப்புறம் நடக்கிற ஆரவாரத்தில் யார் பெரியம்மா, யார் அயல்வீட்டு மாமி என்று அவருக்குத்தான் தெரியும். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியிலோ முகத்துவாரம் வெளிச்சவீட்டடியிலோ பின்னேரம் ஐந்தரைக்கு வாவிப் பக்கம் வெயில் சாயும்போது நல்ல போன் ஒன்றே போதும். வீட்டில் வைத்துப் பதிவுத் திருமணம் மட்டும் என்றால் ஆள் பிடிப்பதே வீண்செலவு. காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருதுப் பக்கத்து முஸ்லிம் கலியாணங்களில் பெண்கள் பகுதிக்குப் பெண் கமராக்காரர் கிடைக்காவிட்டால் மச்சாள் எடுப்பதுதான் சரி.

தாலிகட்டு வேறு சங்கதி. கெட்டிமேளம் கேட்டதும் எல்லோரும் எழும்பிப் போனைத் தூக்குவார்கள். முடிச்சுப் போடும் கை தெரிவது சில நொடிதான். வெளிச்சம் குறைந்த மணவறையில் போனின் ஷட்டர் வேகம் தானாக 1/30 நொடிக்கு இறங்கும், மாப்பிள்ளையின் விரல் கலங்கிப்போகும். ஊதா எல்.இ.டி. விளக்கு நேரே விழுந்த முகத்தைப் பிறகு திருத்தவும் முடியாது. அனுபவசாலி, ஐயரிடம் முன்கூட்டியே பேசி நிற்கும் இடத்தைப் பிடித்துக்கொள்வார், 1/160க்குக் குறையாமல் வைத்து பிளாஷை மேலே திருப்பி அடிப்பார். பந்தலில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் மேலே அடித்த பிளாஷ் முகத்தையும் சிவப்பாக்கும் என்று தெரிந்து, அங்கே பக்கத்துக்குத் திருப்புவார். இதெல்லாம் காசு கொடுப்பதற்குப் பாதிக் காரணம்.

மீதிப் பாதி, எங்கள் கணக்கில் பெரிய பாதி, எடுத்த படம் அடுத்த வருஷமும் இருக்குமா என்பது. மச்சானின் கமராவில் பெரும்பாலும் ஒரே ஒரு மெமரி கார்ட் போடும் இடம்தான். கார்ட் பழுதானால் கலியாணமே போயிற்று. பழுதாகாவிட்டாலும், மகனின் பிறந்தநாளுக்கு அதே கார்ட்டை அழித்துப் போடுவார். நல்லதாக இருபது படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார், வீட்டில் மிஞ்சுவது அதுதான். சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். 12×18 அங்குல அல்பத் தாளுக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று பார்த்தால் நீளப்பக்கம் 5400 வேண்டும், 200 என்று குறைத்தாலும் 3600.

ஆகவே கமராக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, எத்தனை கார்ட் போடும் கமரா என்பதை. நிக்கன் டி750, சோனி ஏ7 மார்க் 3 போன்றவற்றில் இரண்டு போடலாம், ஒரே படம் இரண்டிலும் பதியும்படி வைக்கலாம். கெனன் 6டி மார்க் 2, ஆர்பி இரண்டிலும் ஒன்றுதான். ஒற்றைக் கார்ட் கமராக்காரரும் நல்ல படம் எடுப்பார், அவரை ஒதுக்க வேண்டாம். ஆனால் தாலிகட்டு முடிந்ததும் கார்ட்டை மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ரோ கோப்புகள், அதாவது கமரா பதிந்தபடியே இருக்கும், திருத்தாத மூலப் படங்கள். 24 மெகாபிக்சல் கமராவில் ஒரு ரோ படம் 25 தொடக்கம் 30 எம்.பி. வரை வரும். 2000 படம் என்றால் ஏறக்குறைய 55 ஜிபி. இதை ஸ்டூடியோ என்றைக்கும் வைத்திருக்காது, அல்பம் கொடுத்து சில மாதத்தில் இடமில்லை என்று அழித்துவிடும். ஹாட் டிஸ்க்கை நீங்களே வாங்கிக் கொடுத்து முழுவதையும் எடுங்கள். கடைசித் தவணையை அது கைக்கு வந்த பிறகு கொடுங்கள். திருத்திய 500 படம் மட்டும் என்றால் 5 ஜிபி அளவில் அடங்கும், கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபிக்குள் போட்டுவிடலாம்.

பிரதிகள் ஒரே வீட்டில் இருந்தால் அது ஒரு பிரதிதான். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது நாவலடி, கல்லடி தொடங்கிக் கல்முனை, மருதமுனை வரை வீடுகளோடு அல்பங்களும் போயின. நெகட்டிவ் அதே அலுமாரியில் இருந்தால் அதுவும் சேர்ந்து போயிற்று. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருப்பார், அல்பமும் அங்கேதான் இருக்கும். ஹாட் டிஸ்க்கை மாப்பிள்ளையின் தாய் வீட்டில் வையுங்கள். ஒன்று வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், மற்றது மேற்கே படுவான்கரையில் என்றால் மெத்த நல்லது. மாரி வெள்ளம் படுவான்கரைக்கும் வரும், அலுமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

விலை ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் மாறும். ஆடியும் மார்கழியும் போக மிச்ச நல்ல நாட்களில் ஒரே முகூர்த்தத்துக்கு நாலு வீடு கூப்பிடும். முதலாளியோடு பேசியிருப்பீர்கள், வந்து நிற்பது பழகவந்த தம்பியாக இருக்கும். அட்வான்ஸ் துண்டிலேயே வரப்போகிறவரின் பெயரை எழுதி வாங்குங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மச்சான்தான் என்று முடிவானால், புதிதாக 64 ஜிபி கார்ட் இரண்டு வாங்கிக் கையில் கொடுங்கள். ஒன்று தாலிகட்டு வரைக்கும், மற்றது பந்திக்கும் மிச்சத்துக்கும். முதல் கார்ட் கமராவை விட்டு வெளியே வந்ததும் பெண்ணின் தாயின் கைப்பைக்குள் போகட்டும். அன்று இரவே இரண்டு லப்டொப்பில் ஏற்றிப் பார்க்கும்வரை அதை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.