மண்டபத்தில் விளக்கம் சொல்லி மருந்து தரும் கடை

மண்டபம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி இருக்கும் இந்தச் சின்ன மருந்துக்கடையை நம்பிப் போகலாம். அம்மாவுக்கு வீசிங், கருவாட்டுத் தூசி பட்டாலே நெஞ்சு அடைத்துக்கொள்ளும். டாக்டர் சால்பூட்டமால், புடசோனைடு என இரண்டு இன்ஹேலர் எழுதியிருந்தார். "ரெண்டும் ஒண்ணுதானே, ஒண்ணு போதும்" என்று அம்மா சொன்னதும், பின்னால் ஆள் நிற்கும்போதே கடைக்கார அக்கா பொறுமையாக விளக்கினார்.

சால்பூட்டமால் மூச்சுக்குழாய்த் தசையில் உள்ள பீட்டா-2 ஏற்பிகளில் (மருந்து வந்து ஒட்டும் புரதங்கள்) ஒட்டி அவற்றைத் தூண்டுகிறது, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி கடத்தும் மூலக்கூறு கூடித் தசை தளர்கிறது, சில நிமிடங்களில் இளைப்பு குறைகிறது. புடசோனைடு அப்படியில்லை, செல்லுக்குள்ளேயே நுழைந்து, அங்கிருக்கும் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குப் போய், அழற்சியை உண்டாக்கும் புரதங்களின் உற்பத்தியைக் குறைக்கிறது. அதனால் முழுப் பலன் தெரிய நாளாகும், நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்தவும் கூடாது. அடித்தபின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னார், இல்லையென்றால் வாயில் பூஞ்சை வருமாம்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். படபடப்புக்கென்று வேறொரு கடையில், வீசிங் இருக்கிறதா என்று கேட்காமலே கொடுத்த ப்ரொப்ரானலால் அட்டையை அம்மா காட்டினார். "இது சால்பூட்டமால் ஒட்டுற அதே ஏற்பியைப் போய் அடைச்சிரும்மா, உங்களுக்கு ஆகாது, இன்னைக்கே டாக்டரைப் பாருங்க" என்றார் அக்கா. இப்படிக் கேட்டுச் சொல்கிற ஆள் கவுன்டரில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

குறை என்றால், சில மருந்துகள் ராமநாதபுரத்திலிருந்து வர மறுநாள் ஆகிறது. சாயங்காலம் கூட்டம் அதிகம், காலையில் போங்கள்.